சரிவில் விரித்த மெத்தை

சின்னமனூர் சந்தையில் பாய்க்கடை ராவுத்தர் அன்றைக்கு வியாபாரத்தை விட்டுவிட்டு ஒரு ஆளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் கடை முன்னால் விரித்திருந்த கோரைப்பாயில் மல்லாந்து படுத்தான். பிறகு ஒருக்களித்தான். பிறகு இடுப்புக்குக் கீழே கையை விட்டு, பாய்க்கும் முதுகுக்கும் நடுவில் எவ்வளவு சந்து இருக்கிறது என்று துழாவிப் பார்த்தான்.

“வாங்க வந்தியா, உறங்க வந்தியா?” என்றார் ராவுத்தர்.

“வாங்கிட்டுப் போயி உறங்கணும்ல. அதுக்குத்தேன் பாக்குறேன்” என்றான் அம்மாவாசி, படுத்தபடியே.

வெற்றிலைக் கூடையோடு போன ஒருத்தன் நின்றான். “என்னாலே, பொண்டாட்டி வீட்டை விட்டுத் தள்ளிட்டாளா?”

“பொண்டாட்டி இங்கனதான் நிக்கிறா” என்றாள் மொக்கம்மாள். “தள்ளுனா ஒனக்கு ஆள் விட்டுச் சொல்றேன். போ.”

அம்மாவாசி வெட்கப்படும் நிலைமையில் இல்லை. அவன் முதுகு அப்படி. மதுரையில் ஒரு பஞ்சாலையில் ராத்திரி ஷிப்டில் பஞ்சுப் பேல் தூக்கிக்கொண்டிருந்தவன். ஒரு நாள் பேலைத் தூக்கக் குனிந்தான், நிமிர முடியவில்லை. இடுப்பில் ஏதோ நழுவிவிட்டது. இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள். நின்றவன் அப்படியே கேட்டைத் தாண்டி வெளியே நடந்தான். திரும்பிப் போகவில்லை. அதற்குப் பிறகு சுண்ணாம்புக் காளவாசல், பாரவண்டி, வெல்ல ஆலை என்று எங்கெங்கோ போனான். எல்லாவற்றையும் பாதியில் விட்டான். முதுகு என்று அவன் சொன்னான். சோம்பேறித்தனம் என்று மாமனார் வீட்டில் சொன்னார்கள். இரண்டிலும் உண்மை இருந்தது.

இப்போது ஒரு தேயிலைக் கம்பெனி மேகமலைக்கு ரோடு போட வழி அளந்துகொண்டிருந்தது. அளவுச் சங்கிலியின் முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். மொக்கம்மாளுக்குத் தூரத்துச் சொந்தமான ஒச்சாண்டிதான் அங்கே மேஸ்திரி. அவன் பிடித்துவைத்த வேலை இது. “மழைக்கு முந்தி வேலை முடியும். அதுவரைக்கும் நின்னா கம்பெனியில நிரந்தரச் சங்கிலியாளு. காலையில விசில் ஊதும்போது நிக்கிறவனுக்குத்தேன் வேலை. படுத்துக் கெடக்கிறவனைப் பொதிமாட்டோட கீழ அனுப்பிருவேன். சொந்தம் பாக்க மாட்டேன்” என்று சொல்லியிருந்தான். படுக்கை அவரவர் சுமந்து வரவேண்டும் என்பது இன்னொரு விதி.

மொக்கம்மாள் தன் பங்குக்கு ஒன்று சொல்லியிருந்தாள். “இதையும் பாதியில விட்டுட்டு வந்தீன்னா நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன்.” கோபமாகச் சொல்லவில்லை. உலையில் அரிசி போட்டுக்கொண்டே சொன்னாள். அதனால்தான் அவன் பயந்தான்.

கோரைப்பாய் சரிப்படவில்லை. மண்ணில் இருக்கிற கல்லெல்லாம் அதன் வழியாக முதுகைத் தொட்டது. ராவுத்தர் பருத்தி மெத்தை ஒன்றை உருட்டி எடுத்து வந்தார். அம்மாவாசி அதில் படுத்துக் கண்ணை மூடினான். மொக்கம்மாள் அதை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதைத் தலையில வச்சுக்கிட்டு மலை ஏறுறதுக்கு நீ பொதிமாடாப் பெறந்திருக்கணும்” என்றாள். அவன் கண்ணைத் திறக்காமல், கடைசியாக ஒருமுறை, உடம்பைத் திருப்பிப் போட்டு மறுபக்கமாகப் படுத்தான்.

மொக்கம்மாள் அலறினாள். அவன் காலிரண்டையும் பிடித்து மெத்தையோடு சேர்த்து அரை வட்டம் இழுத்துப் போட்டாள். சந்தையே திரும்பிப் பார்த்தது.

“வடக்க தல வைக்கிறியே, படுபாவி!”

ராவுத்தர் மெத்தையைத்தான் முதலில் கவனித்தார். தையல் விட்டிருக்கவில்லை.

அவள் அலறியதற்குக் காரணம் இருந்தது. வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். செத்தவனைத்தான் அப்படிக் கிடத்துவது. மொக்கம்மாள் வீட்டில் அது வெறும் பேச்சு இல்லை. அவள் அண்ணன் சுருளியாண்டி இதே மலைக்கு ஏலக்காய் வேலைக்குப் போனவன். மலைக்காய்ச்சலில் குடிசைக்குள்ளேயே செத்துக் கிடந்தான். தூக்கிவந்தவர்கள், தலை வடக்கே இருந்தது என்று சொன்னார்கள். கொன்றது காய்ச்சல் என்று அம்மாவாசிக்குத் தெரியும். மொக்கம்மாளுக்கும் தெரியும். ஆனால் காய்ச்சலை யாரும் தடுத்து நிறுத்த முடியாது. தலையை எந்தப் பக்கம் வைப்பது என்பது மட்டும்தான் மனுஷன் கையில் இருக்கிறது.

“என் தலையில கையை வச்சுச் சொல்லு. மலையில வடக்க தல வைக்க மாட்டேன்னு சொல்லு.”

நடுச்சந்தையில் அவள் தலையில் கை வைத்துச் சொன்னான்.

ராவுத்தரிடம் கடைசியில் ஒரு கருப்புக் கம்பளி மட்டும் வாங்கினார்கள். “இதைப் போத்தாதே, கீழ விரி” என்றார் அவர். “குளிரு மேலயிருந்து வருதுன்னு எல்லாரும் நெனைக்கிறாக. தரையிலயிருந்துதான் ஏறுது.” மெத்தையை மொக்கம்மாளே செய்தாள். மயிலாடும்பாறையில் அவள் ஆத்தா வீட்டுக் கொல்லையில் ஒரு இலவமரம் உண்டு. காயைப் பொறுக்கி உடைத்து, பஞ்சை வெயிலில் போட்டுக் குச்சியால் அடித்து விதையை உதிர்த்தாள். மூக்கெல்லாம் பஞ்சு, கண்ணெல்லாம் சிவப்பு. பழைய சேலை இரண்டை உறையாகத் தைத்து அடைத்தாள். ஆள் நீளத்துக்கு ஒரு மெத்தை. சுருட்டினால் ஒரு பூசணிக்காய் எடைகூட இல்லை.

“இதுல படுத்தும் வலிச்சுதுன்னா வலி முதுகுல இல்லை” என்றாள்.

*

முகாம் போட்ட இடம் பார்ப்பதற்கு மட்டமான புல்தரையாகத்தான் இருந்தது. பகல் முழுக்கச் செங்குத்தான பாறையில் தொங்கிக்கொண்டு சங்கிலி பிடித்தவனுக்கு எந்த இடமும் மட்டமாகத்தான் தெரியும். இரண்டு ஆளுக்கு ஒரு படுதாக் கூடாரம். அம்மாவாசிக்கு வாய்த்த கூட்டாளி இருதயம், ராயப்பன்பட்டிக்காரன். கழுத்தில் மாதா பதக்கம், வாயில் ஓயாத பேச்சு. சங்கிலியின் முன்முனை அவனிடம், பின்முனை அம்மாவாசியிடம். இருதயம் கொண்டுவந்த படுக்கை ஒரு கோணிச்சாக்கு. அவ்வளவுதான்.

“மெத்தையா கொண்டாந்துருக்க?” என்று மெத்தையை அமுக்கிப் பார்த்தான். “ஜமீன்தாரு மலைக்கு வேட்டைக்கு வந்துருக்காகபோல.”

முதல் நாள் காலையில் ஜமீன்தாரால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு பூட்டிக்கொண்டது. கழுத்து விறைத்து, முகம் வீங்கி, தலைக்குள் ரத்தம் கொதித்தது. உருண்டு, முட்டி போட்டு, படுதாக் கம்பைப் பிடித்து ஒருவழியாக நின்றான். விசில் அப்போதுதான் ஊதியது. இருதயம் சாக்கை உதறிவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே முகம் கழுவப் போனான்.

இரண்டு மூன்று நாள் இதே கதை. அம்மாவாசி யோசித்தான். மெத்தை ரொம்ப மெத்தென்று இருக்கிறது. அதுதான் முதுகைக் கெடுக்கிறது. வெறும் சாக்கில் படுக்கிறவன் குதிரை மாதிரி எழுந்திருக்கிறான். மொக்கம்மாள் கண் சிவக்க அடித்த பஞ்சைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் கேட்டான்.

“ஏலே, மாத்திக்கிருவமா?”

“எதை?”

“படுக்கையை.”

இருதயம் அவனை ஏற இறங்கப் பார்த்தான். “காய்ச்சல் கீச்சல் இருக்கா ஒனக்கு?” என்று நெற்றியைத் தொட்டான். பிறகு, கேட்டவன் மனம் மாறுவதற்குள் மெத்தையில் போய் விழுந்தான்.

மறுநாள் அம்மாவாசிக்கு முன்னைவிட மோசம். சாக்கின் முடிச்செல்லாம் முதுகில் பதிந்திருந்தது. இருதயம் மெத்தையில் இருந்து எழுந்து, கொட்டாவி விட்டு, “பரலோகத்துல இப்படித்தேன் படுக்கை போட்டுருப்பாக” என்றான். அம்மாவாசிக்கு அவன் வாயிலேயே ஒன்று போடவேண்டும்போல இருந்தது.

மெத்தை திரும்ப வந்தது. கம்பளியை மடித்து இடுப்புக்குக் கொடுத்துப் பார்த்தான். காய்ந்த புல்லை அள்ளிவந்து கீழே பரப்பினான். கிழக்கு மேற்காகப் படுத்துப் பார்த்தான். தூக்கத்தில் உருண்டு படுதாவுக்கு வெளியே போய்விட்டான். எதுவும் நடக்கவில்லை. நடந்தது ஒன்றுதான். ஒரு நாள் விசில் ஊதியபோது அவன் படுத்துக் கிடந்தான்.

ஒச்சாண்டி வந்து படுதாவைத் தூக்கிப் பார்த்தான்.

“என்னாப்பா, வரலையா?”

“முதுகு, மேஸ்திரி.”

“மில்லுலயும் முதுகு. காளவாசல்லயும் முதுகு. ஒனக்கு மட்டும் ரெண்டு முதுகு வச்சுப் படைச்சுட்டானா?” அவன் சத்தம் போடவில்லை. “இன்னைக்கு அடுப்படியில கெட. நாளைக்கு அரிசி ஏத்திக்கிட்டுப் பொதிமாடு வருது. விசிலுக்கு நின்னா சங்கிலி. நிக்காட்டி மாட்டு வாலைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ போயிரு. மொக்கம்மாகிட்ட நான் பேசிக்கிருறேன்.”

அந்தக் கடைசி வார்த்தைதான் அவனுக்குக் குத்தியது. மொக்கம்மாளிடம் பேச ஒன்றும் இருக்காது. அவள் துணியை மூட்டை கட்டியிருப்பாள்.

இருதயம் போகிற போக்கில் நின்றான். “ஒண்ணு கேக்கட்டா? நீ எதுக்குத் தலையைப் பள்ளத்துல வச்சுப் படுக்குற?”

“பள்ளமா?”

“பின்ன? கால் மேட்டுல, தல பள்ளத்துல. பலகையில கட்டிவச்ச கோழி மாதிரி. ரத்தமெல்லாம் மண்டைக்குத்தேன் போகும். உடம்பு சறுக்கிரும்னு முதுகு ராப்பூராப் பிடிச்சுக்கிட்டே கெடக்கும்.”

அம்மாவாசி தரையைப் பார்த்தான். முதல் தடவையாகப் பார்த்தான். புல் மூடியிருந்ததால் தெரியவில்லை. இடம் வடக்கே ஏறி, தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் மலையின் சரிவை அளந்து சொல்வதுதான் அவன் வேலை. தான் படுக்கிற இடத்தை அவன் அளந்து பார்த்ததில்லை. அவன் மட்டும் இல்லை. முகாமில் இருதயத்தைத் தவிர எல்லாரும் தெற்கேதான் தலைவைத்தார்கள். எல்லாரும் முகம் வீங்கி எழுந்தார்கள். எல்லாரும் மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்.

“திருப்பிப் போட்டுப் படு. சோலி முடிஞ்சது” என்றான் இருதயம்.

“மேடு வடக்க இருக்கு.”

“இருந்துட்டுப் போகுது. எங்க வீட்டுலயும் வடக்க வைக்க விடமாட்டாக. மலைக்கு வந்துட்டா எனக்கு மேடுதான் கிழக்கு.”

“எம் பொண்டாட்டி தலையில கை வச்சுச் சொல்லிருக்கேன்லே.” சுருளியாண்டி கதையைச் சொன்னான். சுருக்கமாகத்தான் சொன்னான். நீட்டிச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

இருதயம் சிரிப்பான் என்று எதிர்பார்த்தான். அவன் சிரிக்கவில்லை. பதக்கத்தை ஒரு தடவை தொட்டுக்கொண்டான். “சொன்னது சொன்னதுதான்” என்றான். சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அம்மாவாசி அடுப்படியில் வெங்காயம் உரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம் இருந்தது வசதியாகப் போயிற்று. அவன் முன்னால் இரண்டு வழி இருந்தது. தலையைத் திருப்பி வைத்தால் வேலை நிலைக்கும், மொக்கம்மாளும் நிற்பாள், ஆனால் அவளிடம் ஆயுசுக்கும் பொய் சொல்லவேண்டும். திருப்பாவிட்டால் மாட்டு வால். பொய் சொல்ல அவனுக்குக் கூச்சம் எதுவும் கிடையாது, நிறையச் சொல்லியிருக்கிறான். ஆனால் அவள் தலையின் சூடு இன்னும் உள்ளங்கையில் இருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து ஆட்கள் திரும்பினார்கள். எல்லாரும் கால் நீட்டி உட்கார்ந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, படுதாப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அம்மாவாசி இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தான். இருதயம் அவன் மெத்தையை வெளியே எறிந்துவிட்டு, படுக்கிற இடத்தைத் தோண்டிக்கொண்டிருந்தான்.

“என்னாலே பண்ற? எனக்குக் குழி வெட்டுறியா?”

“ஒனக்குக் குழி வெட்டணும்னா இம்புட்டு நேரம் எடுக்க மாட்டேன். தள்ளி நில்லு.”

மேட்டுப் பக்கத்தை வெட்டி மண்ணைப் பள்ளத்துப் பக்கம் போட்டான். பள்ளத்து ஓரத்தில் கல்லை அடுக்கி மண் சரியாமல் தடுப்பு வைத்தான். மிதித்தான். ஈரமாக வந்த மண்ணுக்கு மேல் அடுப்படிச் சாம்பலையும் காய்ந்த புல்லையும் கொட்டினான். அப்புறம் இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு சாமானை எடுத்தான். அது மேஸ்திரி பெட்டியில் இருக்கவேண்டிய ரசமட்டம். அதை ஒரு கம்பின் மேல் வைத்து, கம்பைப் படுக்கையின் நீளத்துக்குப் போட்டு, குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். கண்ணாடிக்குள் குமிழி வடக்கே நகர்ந்தது. வடக்கே இன்னும் கொஞ்சம் சுரண்டினான்.

“கம்பெனிச் சாமானை வச்சுப் படுக்கைக்கு மட்டம் பாக்குறியா?” பின்னால் ஒச்சாண்டி நின்றுகொண்டிருந்தான்.

“ரோடு மட்டமா இருக்கணும்னா ரோடு போடுறவன் முதுகு மட்டமா இருக்கணும்ல, மேஸ்திரி” என்றான் இருதயம், கண்ணை எடுக்காமல்.

ஒச்சாண்டி அவனை வெளியே வரச் சொன்னான். அவன் வந்ததும், மேஸ்திரி குனிந்து உள்ளே போனான். வெட்டிய இடத்தில் அப்படியே மல்லாந்து படுத்தான், தலை தெற்கே. பிறகு உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “நாளைக்கு எனக்கும் ஒண்ணு வெட்டு.”

அவன் போனபிறகு அம்மாவாசி கேட்டான். “நாள் பூராச் சங்கிலி இழுத்துட்டு எதுக்குலே இதைச் செஞ்ச?”

“நீ போனா பின்முனைக்கு வேற ஒருத்தன் வருவான். இன்னைக்கு வந்தவன் எப்பப் பாத்தாலும் வெத்திலைய மென்னு துப்புறான், நடக்கையில எம் முதுகுல.” மண்வெட்டியைத் துடைத்து வைத்தான். “நீ பரவால்ல. பேச மாட்டேங்குற. நான் பேசலாம்.”

கீழே சாம்பல், அதன்மேல் புல், அதன்மேல் ராவுத்தர் கம்பளி, அதன்மேல் மொக்கம்மாளின் மெத்தை. அம்மாவாசி தெற்கே தலைவைத்துப் படுத்தான். உடம்பு எந்தப் பக்கமும் போகவில்லை. எதையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று முதுகுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அது விட்டுவிட்டது. மில்லை விட்டு வந்த நாள் முதலாக அவன் அப்படித் தூங்கியதில்லை.

காலையில் விசில் ஊதியது. அம்மாவாசி நின்றான். பொதிமாடு அரிசியை இறக்கிவிட்டு வெறும் முதுகோடு கீழே போனது. அது போவதை அவன் வளைவு தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு முழுக்க இருதயத்திடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று அவனுக்கு இருந்தது. சங்கிலியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கத்திச் சொல்கிற விஷயமும் இல்லை அது. நன்றி என்று சொன்னால் மேடையில் பேசுவது மாதிரி இருக்கும். அவன் மில்லிலிருந்து நடந்தபோது யாரும் பின்னால் வந்து கூப்பிடவில்லை. காளவாசலிலும் கூப்பிடவில்லை. போகிறவனைப் போகவிடாமல் ஒருத்தன் மண்ணை வெட்டியது இதுதான் முதல் தடவை. அதற்கு என்ன வார்த்தை இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் படுதாவுக்கு வந்ததும், “ஒன் சாக்கைக் கொண்டா” என்றான்.

“எதுக்கு? மறுபடியும் மாத்தணுமா?”

அம்மாவாசி கத்தியை எடுத்து மெத்தையை நடுவில் குறுக்கே கிழித்தான். அன்றைக்கென்று காற்று. இலவம்பஞ்சுக்கு ஊதினாலே போதும். படுதாவுக்குள் எதுவும் தெரியாமல் வெள்ளையாகப் போயிற்று. இருதயம் இருமினான், தும்மினான், மாதாவைக் கூப்பிட்டான். பாதிப் பஞ்சைச் சாக்கில் திணித்து வாயைச் சணலால் தைத்தான் அம்மாவாசி. மிஞ்சிய அரை மெத்தையின் வாயையும் தைத்தான். ஆளுக்குத் தலையிலிருந்து இடுப்புவரை வரும். காலுக்குப் புல் போதும். காலுக்கு ஒரு வலியும் கிடையாது.

பஞ்சுப் புகையைப் பார்த்துத் தீ என்று நினைத்து ஒச்சாண்டி தண்ணீர்ச் சட்டியோடு ஓடிவந்தான். உள்ளே இரண்டு பேர் தலை, மீசை, புருவமெல்லாம் நரைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஒரே நாள்ல கெழடு தட்டிப்போச்சேடா!” என்றான். தண்ணீரைக் கீழே வைக்கவே தோன்றவில்லை அவனுக்கு.

*

மழைக்கு முன்னால் வேலை முடிந்தது. அம்மாவாசி நிரந்தரச் சங்கிலியாளாக வீட்டுக்கு வந்தான். மொக்கம்மாள் அவனைப் பார்க்கவில்லை. மெத்தைச் சுருளைத்தான் முதலில் பார்த்தாள். விரித்தாள். அவள் முகம் மாறியது.

“முழுசாக் குடுத்துவிட்டேன்.”

“ஆமா.”

“மிச்சம் எங்க?”

சொன்னான். சரிவைச் சொன்னான், ரசமட்டத்தைச் சொன்னான், மாட்டு வாலையும் சொன்னான். அவ்வளவு நேரம் தொடர்ந்து அவன் பேசி அவள் கேட்டதில்லை. இடையில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்ப கடைசிவரைக்கும் தல தெக்கதான் இருந்துச்சு?”

“தெக்கதான்.”

மொக்கம்மாள் அரை மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் கோணலாகப் போட்டிருந்த தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். சுருளியாண்டி பக்கத்தில் அப்படி ஒருத்தன் இருந்திருந்தால் என்று அவள் நினைத்திருக்கலாம். கேட்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

பிறகு எழுந்தாள். கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

“எங்க போற?”

“மயிலாடும்பாறைக்கு. மரத்துல இன்னும் காய் கெடக்கும்.” வாசலைத் தாண்டினவள் திரும்பிப் பார்த்தாள். “அந்த மனுசன் எம்புட்டு ஒசரம்னு சொல்லு. ஆள் நீளத்துக்குத் தைக்கணும்ல.”

அம்மாவாசி எழுந்து நின்று, தன் காதுக்கு மேலே கையை வைத்துக் காட்டினான்.